சிறைச்சாலை ஊழியத்துக்குத் திரும்புதல்: திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இடையில் விட்ட சிறைச்சாலை ஊழியத்தை, அதாவது கைதிகளைச் சந்தித்து வேதம் வாசித்து ஜெபிக்கும் சபைப் பணியை, மறுபடி தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் மனம் அசைகிறது. அடுத்த வாரமே பைபிள் கட்டும் பாட்டுப் புத்தகமுமாக ஜெயில் வாசலில் போய் நிற்கிறார்கள். வாசல் பட்டியலில் பெயர் இல்லை. தெரிந்த ஜெயிலர் மாற்றலாகிப் போய்விட்டார். உள்ளே இருந்த ஆட்களும் மாறிவிட்டார்கள். திரும்பி வந்தவர் இரண்டாம் முறையும் விட்டுவிடுகிறார், அந்த இரண்டாம் முறையிலிருந்து மீள்வது இன்னும் கடினம்.

ஆகவே இங்கே படிகளின் வரிசைதான் முக்கியம். தீர்மானித்த நாளிலிருந்து உள்ளே முதல் கூட்டம் நடக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். அந்தக் காலத்தைக் குறைக்க முயல வேண்டாம். உள்ளே போகுமுன் முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய உள்ளன.

1. ஏன் விட்டீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

சோர்வு என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்குள்ளே வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

உடலும் மனமும் களைத்து விட்டிருந்தால் முதலில் ஓய்வு வேண்டும். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியாவுக்கு நடந்த வரிசையைக் கவனியுங்கள். தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, பிறகு நீண்ட பயணம், பிறகு “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி. வேலை கொடுக்கப்பட்டது அதற்கும் பிறகுதான். கூடவே எலிசா என்ற துணையும் கொடுக்கப்பட்டார். இரவில் ஒழுங்காக நித்திரை வராத ஒருவர் சிறைக்குள் போய் இருபது பேருடைய துயரத்தைக் கேட்கக் கூடாது.

ஒரு மனிதரால் காயப்பட்டு விட்டிருந்தால் அதைத் தனியாகப் பாருங்கள். விடுதலையான ஒருவர் காசை ஏமாற்றியிருக்கலாம், சபையில் சாட்சி சொன்னவரே மறுபடி ஐஸ் போதைப்பொருள் வழக்கில் உள்ளே வந்திருக்கலாம். அந்தக் கோபம் ஆறாமல் போனால் புதிதாகச் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் பழைய ஆளைத்தான் பார்ப்பீர்கள். உள்ளே இருப்பவர்கள் அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொள்வார்கள்.

குழுவுக்குள் வந்த பிணக்கு என்றால், சம்பந்தப்பட்டவரோடு முதலில் பேச வேண்டும். பேசியும் சேர்ந்து வேலை செய்ய முடியாவிட்டால் வேறு குழுவில் சேர்வதில் தவறில்லை. பம்பிலியாவில் விட்டுப் பிரிந்த மாற்குவைப் பவுல் கூட்டிப்போக மறுத்தார், பர்னபா தன்னோடு சீப்புருதீவுக்குக் கூட்டிப்போனார் (அப்போஸ்தலர் 15). பிற்காலத்தில் அதே பவுல் மாற்குவை அழைத்து வரச் சொல்லி எழுதினார் (2 தீமோத்தேயு 4:11). திரும்புவதற்குப் பழைய குழு மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம்.

நான்காவது வகை, கதவு வெளியிலிருந்து மூடப்பட்டது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிந்திய பாதுகாப்புக் கெடுபிடி, 2020இல் கொவிட், 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு என்று அடுத்தடுத்து வந்தபோது ஊழியத்தை நிறுத்தியவர்கள் பலர். இவர்களுக்குக் குணமாக்க வேண்டிய காயம் குறைவு. நேரே இரண்டாம் படிக்குப் போகலாம்.

காரணத்தை ஒரே வரியில், யாரையும் திட்டாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் நேரமாகவில்லை. எழுதியதை நம்பகமான மூப்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். தன்னையே தேற்றிக்கொள்ள எழுதியதா, உள்ளதைத்தான் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்கிறவருக்கு விளங்கும்.

2. சபையிடமிருந்து பொறுப்பை மறுபடி வாங்குங்கள்

தனி ஆளாக யாரும் திரும்பக் கூடாது. போதகரோ பங்குத்தந்தையோ எழுத்தில் அனுப்ப வேண்டும். சிறைச்சாலை நிர்வாகம் தனி மனிதரைவிட பதிவுள்ள ஒரு திருச்சபையோடு பேசவே விரும்பும் என்பது ஒரு காரணம். உங்கள்மேல் குற்றச்சாட்டு வந்தால் உங்களுக்காக வாய் திறக்க ஒருவர் வேண்டும் என்பது இன்னொன்று.

இந்தக் கட்டத்தில் சபைக்கு முன்னால் நின்று பெரிய அறிவிப்புச் செய்ய வேண்டாம். எல்லாரும் கை தட்டிய பிறகு, அனுமதி தாமதமானால் அந்த வெட்கமே அடுத்த சோர்வாகிவிடும்.

3. பழைய வாக்குகளைக் கணக்குப் பாருங்கள்

திரும்பி வருகிறவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இந்தப் படியைத்தான். நீங்கள் இல்லாத காலத்தில் உள்ளே நின்றுபோனது கூட்டம் மட்டுமல்ல. “அடுத்த கிழமை கொண்டு வாறன்” என்று சொன்ன மூக்குக்கண்ணாடி வரவில்லை. “அம்மாவிடம் சொல்கிறேன்” என்ற செய்தி மூதூருக்குப் போய்ச் சேரவில்லை. நத்தாருக்குப் பிள்ளைக்குக் கொப்பி தருவதாகச் சொன்னது நடக்கவில்லை. வழக்குத் தவணைக்கும் குடும்பத்தார் வருகைக்கும் நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறவர்களுக்கு வெளியில் இருப்பவர் சொன்ன வார்த்தை மறப்பதில்லை.

ஒரு கொப்பியில் நான்கு பத்தி போடுங்கள்: யாரிடம், என்ன சொன்னேன், இப்போது அவர் எங்கே, இப்போது என்ன செய்யலாம். பழைய குழுவினரிடமும் கேளுங்கள், உங்கள் பெயரில் அவர்கள் சொன்னதும் இருக்கும்.

பிறகு மூன்றாகப் பிரியுங்கள். இன்னும் செய்யக் கூடியதை உள்ளே போகுமுன்னரே செய்துவிடுங்கள். காலம் கடந்ததற்கு, ஆள் இன்னும் உள்ளே இருந்தால், முதல் சந்திப்பில் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். “தம்பி, கண்ணாடி கொண்டு வாறன் எண்டு சொன்னன், கொண்டு வரேல்ல. அது என்ர பிழை” என்ற அளவு போதும். காரணங்களை அடுக்கினால் அவர் உங்களைத் தேற்ற வேண்டி வரும், அந்தப் பாரத்தை அவர்மேல் வைக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கக் கூடாத வாக்குகளும் இருக்கும்: பிணை எடுப்பது, வேலை வாங்கித் தருவது, சட்டத்தரணிக்குப் பணம். அவற்றைப் புதுப்பிக்க வேண்டாம். முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லி முடித்து வையுங்கள்.

4. அனுமதியைப் புதிதாகக் கேளுங்கள்

பழைய அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். அதிகாரிகள் மாறும்போது நடைமுறையும் மாறும். நீங்கள் புதிதாக வருகிற குழு என்றே எண்ணிக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் ஒருவர் மட்டும், வார நாளில் காலையில் போய், நலன்புரி அலுவலரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். கடிதம் கொடுப்பதற்கு முன் நான்கு விடயங்களை விசாரியுங்கள். இப்போது வேறு கிறிஸ்தவக் குழு ஏதும் வருகிறதா? எந்த நாள், எந்த நேரம் நிர்வாகத்துக்கு வசதி? அனுமதியைச் சிறை அத்தியட்சகரே தருவாரா, கொழும்பிலுள்ள தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டுமா? எத்தனை பேர் வரலாம்? வேறு குழு ஏற்கனவே வருகிறது என்றால் அவர்களோடு பேசாமல் கடிதம் கொடுக்காதீர்கள். ஒரே வாசலில் இரண்டு சபைகள் போட்டி போடுவதை அதிகாரிகள் பார்த்தால் இரண்டுக்கும் நாள் கிடைக்காமல் போகலாம்.

கடிதத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரியுங்கள். அதைக் கையில் எடுக்கும் பலருக்குச் சிங்களமே இலகு. நன்றாகச் சிங்களம் எழுதத் தெரிந்தவரிடம் திருத்துங்கள். கைபேசி மொழிபெயர்ப்பை அப்படியே அச்சிட்டால் அர்த்தம் கெடும். கடிதத்தில் இவை இருக்கட்டும்:

– திருச்சபையின் முகவரித் தாளும் பொறுப்பாளரின் கையொப்பமும்
– வருகிறவர்களின் முழுப்பெயர், தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே, இலக்கம், முகவரி, தொலைபேசி
– மாதத்தில் எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை
– என்ன நடக்கும்: பாட்டு, வேதப் பகுதி, ஜெபம், தனிப்பட்ட ஆலோசனை
– என்ன கொண்டு வருவீர்கள், வாகன இலக்கம் என்ன

அடையாள அட்டைப் பிரதிகளை இணையுங்கள். கிராம அலுவலர் சான்றிதழோ பொலிஸ் அறிக்கையோ கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுங்கள்.

மாதத்தில் எத்தனை கூட்டம் கேட்பது என்பதில் அநேகர் தவறுகிறார்கள். மாதம் ஒரு கூட்டம் மட்டும் கேளுங்கள். வாரா வாரம் என்று ஆர்வத்தில் கேட்டு, மூன்றாம் வாரமே ஆள் இல்லாமல் நின்றால் நிர்வாகம் உங்களை நம்பாது. மாதம் ஒன்று ஆறு மாதம் தவறாமல் நடந்த பிறகு கூட்டிக் கேட்கலாம்.

அனுமதி கிடைத்த பிறகும் ஒரு வேலை உண்டு. மேலே கையெழுத்தான கடிதத்தின் பிரதி வாசல் கடமையில் இருக்கும் அதிகாரியிடம் போயிருக்கிறதா என்று கூட்டத்துக்கு முந்திய நாள் தொலைபேசியில் கேளுங்கள். கேட்காவிட்டால், கூட்ட நாள் காலை கடமைக்கு வந்தவர் அதைக் கண்டிருக்க மாட்டார், வெயிலில் ஒரு மணித்தியாலம் நிற்பீர்கள். உங்களிடமும் முத்திரையிட்ட ஒரு பிரதி இருக்க வேண்டும். வாசலில் வாக்குவாதம் செய்யாதீர்கள். “இன்றைக்கு முடியாது” என்றால் காரணத்தையும் அடுத்த நாளையும் கேட்டு, கொண்டு வந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள். உள்ளே தேடுதல் நடக்கலாம், நீதிமன்றத்துக்கு அதிகம் பேரைக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். அதெல்லாம் உங்களுக்கு எதிரான முடிவு அல்ல.

5. நான்கு பேர் போதும்

பெரிய குழு சோதனைக்கே நேரத்தைத் தின்னும். நான்கு பேரில் ஒருவர் பாட்டு, ஒருவர் வேதப் பகுதி, இரண்டு பேர் தனியாகக் கேட்க. உள்ளே போகாத ஐந்தாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். கைபேசி, பணப்பை, வாகனச் சாவி அவரிடம் இருக்கும், வீட்டாரோடு தொடர்பும் அவர் பொறுப்பு.

ஒருவராவது சரளமாகச் சிங்களம் பேச வேண்டும். அதிகாரிகளோடு பேச மட்டுமல்ல, உள்ளே சிங்களம் பேசும் கிறிஸ்தவர்களும் இருப்பார்கள். பெண்களைச் சந்திப்பது பெண்கள் மட்டுமே. ஆண்கள் கூட்டத்துக்கு இளம் பெண்களைப் பாட்டுக்காக மட்டும் கூட்டிப்போவதைத் தவிருங்கள்.

திரும்பி வருகிறவர் முதல் மூன்று கூட்டங்களுக்குத் தலைவராக இருக்க வேண்டாம். தனியாகக் கேட்கும் இடத்தில் உட்காருங்கள். பேசும் பொறுப்பு இருந்தால் “பழையபடி வந்துவிட்டேன்” என்று காட்டவே மனம் போகும். கேட்கும் இடத்தில் இருந்தால் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்பது தெரியும்.

6. கையில் என்ன

அடையாள அட்டை, அனுமதிப் பிரதி, ஒரு பைபிள், நான்கைந்து பாட்டுத் தாள்கள். அவ்வளவுதான். கைபேசி, பணம், சிகரெட், மருந்து, கத்தி, கம்பி போட்ட கொப்பி எதுவும் வேண்டாம். காக்கியும் இராணுவ நிறமும் உடுத்த வேண்டாம். யாருடைய கடிதத்தையும் உள்ளே கொண்டுபோகவோ வெளியே கொண்டு வரவோ வேண்டாம். சிறையிலிருந்து போகும் கடிதங்களை அதிகாரிகள் வாசிப்பது வழக்கம். அந்த வழியைத் தாண்டி ஒரு துண்டுக் கடதாசி எடுத்து வந்தாலும் உங்கள் அனுமதி முடிந்துவிடும், அதில் என்ன எழுதியிருந்தது என்பது பொருட்டல்ல.

பைபிளைக் கட்டாகப் பரப்பாதீர்கள். மெல்லிய தாள் பீடி சுற்றவும் பயன்படும் என்பது சிறை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். கேட்கிறவருக்கு, பெயர் எழுதி, ஒன்று கொடுங்கள். கெட்டி அட்டையைவிட மெல்லிய அட்டை நல்லது, சோதிப்பவருக்கும் சிரமம் குறையும். வயதானவர்களுக்குப் பெரிய எழுத்து வேண்டும், உள்ளே வெளிச்சம் போதாது. தமிழிலும் சிங்களத்திலும் இலங்கை வேதாகமச் சங்கத்தில் வாங்கலாம்.

சவர்க்காரம், பற்பசை, துவாய், சாரம் போன்றவை உண்மையில் தேவைப்படும். ஆனால் நலன்புரி அலுவலர் மூலமே கொடுங்கள், கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல் கொடுங்கள். பிரித்தால், சவர்க்காரம் வாங்க வந்து பாட்டுப் பாடுகிறவர் யார், பாட வந்தவர் யார் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். “சாமான் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள்” என்ற பேச்சுக்கும் அதுவே வழி. இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இந்த ஊரில் அந்தப் பேச்சு ஒரு தடவை எழுந்தால் எல்லாச் சபைகளுக்கும் கதவு மூடும்.

இருமல், காய்ச்சல் உள்ளவர் அன்று போகக் கூடாது. நெரிசலான இடத்தில் காசநோயும் சொறியும் சுலபமாகப் பரவும். நீங்கள் கொண்டுபோகவும் கூடாது, வீட்டுக்குக் கொண்டு வரவும் கூடாது. திரும்பியதும் உடுப்பை மாற்றிக் குளித்துவிடுங்கள்.

7. முதல் கூட்டம்

ஒரு மணித்தியாலம் தந்தால் நாற்பது நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். சோதனை, ஆட்களைக் கூட்டி வருதல், கணக்கெடுப்பு என்று மிச்சம் போய்விடும். கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரை காலை நேரத்தையே கேளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பகல் பன்னிரண்டு மணிக்கு யாராலும் எதையும் கேட்க முடியாது.

வந்து உட்காருகிறவர்களோடு தரையில் உட்காருங்கள். அவர்கள் பாயில், நீங்கள் கதிரையில் என்று இருந்தால் பேச்சு மேலிருந்து கீழே விழும். முதல் ஐந்து நிமிடம் பெயர் கேட்பதற்கு. ஊர் கேட்கலாம், என்ன வழக்கு என்று கேட்கக் கூடாது. இலங்கைச் சிறைகளுக்குள் வருகிறவர்களில் தண்டனை பெற்றவர்களைவிட ரிமாண்டில், அதாவது வழக்கு முடியுமுன் விளக்கமறியலில், வருகிறவர்களே அதிகம். அரசியலமைப்பின் 13(5) உறுப்புரைப்படி குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர்கள் நிரபராதிகள். “குற்றவாளிகளாகிய உங்களுக்கு” என்று தொடங்கும் பிரசங்கம் சட்டப்படியும் பிழை. வழக்கு விபரம் உங்கள் காதில் விழுந்தால் நீங்களும் சாட்சியாக இழுபடலாம், அதனாலும் கேட்காதீர்கள்.

பிறகு தெரிந்த பாட்டு இரண்டு, கை தட்டல் மட்டும். வாத்தியம் வேண்டாம், சோதனையும் குறையும், அடுத்த வார்ட்டில் தூங்குகிறவருக்கும் இடைஞ்சல் இல்லை. பதினைந்து நிமிடம் வேதப் பகுதி. ஏழு எட்டு நிமிடம் ஜெபம். மிச்சம் தனியாகப் பேச விரும்புகிறவர்களுக்கு, அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே.

சுவரோடு சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாடாமல் இருக்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைப் பாடச் சொல்லாதீர்கள். போகும்போது பெயரைச் சொல்லி “போய்ட்டு வாறன் அண்ணா” என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

வேற்று மதத்தவர் வந்து உட்கார்ந்தால் வரவேற்கலாம், இயேசுவை ஏற்றுக்கொள்வதற்கு அடையாளமாகக் கையுயர்த்தச் சொல்லக் கூடாது. ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளின் 65ஆம் விதி, கைதி தன் மதப் பிரதிநிதியைச் சந்திக்கும் உரிமையைத் தருகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் அதே விதி மதிக்கச் சொல்கிறது. ஞானஸ்நானம் கேட்கிறவரிடம் அவசரப்பட வேண்டாம். போதகரிடம் சொல்லி, விடுதலைக்குப் பின் அவர் சுதந்திரமாக முடிவெடுக்க இடம் கொடுங்கள்.

போதைப் பழக்கத்தோடு புதிதாக வந்தவர் முதல் நாட்களில் நடுங்குவார், வியர்ப்பார், வாந்தி எடுப்பார், கத்துவார். அதைப் பிசாசு என்று சொல்லிச் சத்தமாக ஜெபிப்பது நடக்கிறது. அது அந்த மனிதரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறது. அதிகாரியிடம் சொல்லுங்கள், வைத்தியம் தேவை.

8. எந்தப் பகுதியை எடுப்பது

சிறிய பகுதியாக எடுத்து, இரண்டு தடவை மெதுவாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் இருப்பார், அவர் யார் என்று வெளியே தெரியக் கூடாது. ஆகையால் “நீங்கள் வாசியுங்கள்” என்று யாரையும் சுட்டாதீர்கள்.

முதல் நான்கு மாதத்துக்கு இந்த வரிசை பொருந்தும். சங்கீதம் 142: முறையிடுவதற்கு அனுமதி உண்டு என்று காட்டுகிறது. மாற்கு 2:1-12: நான்கு பேர் சுமந்து வந்த கதை, தானாக நடந்து வர முடியாதவருக்கு. ஆதியாகமம் 40: பானபாத்திரக்காரர் யோசேப்பை மறந்துபோனது, 41ஆம் அதிகாரம் தொடங்கும்போது இரண்டு வருஷம் கடந்திருப்பது. தவணைக்கு மேல் தவணை போகிறவர்களுக்கு அந்த இரண்டு வருஷத்தை விளக்கவே தேவையில்லை. கடைசியாக லூக்கா 23:39-43. யோசேப்பு செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்தார். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய குற்றவாளியோ தான் செய்ததை ஒத்துக்கொண்டார். இரண்டு வகை ஆட்களும் உங்கள் முன்னால் இருக்கிறார்கள், இரண்டு கதையும் வேண்டும்.

அப்போஸ்தலர் 16ஐ ஆரம்பத்தில் எடுக்க வேண்டாம். பூமி அதிர்ந்து கதவு திறந்த கதையைக் கேட்கிறவர் தன் வழக்கைத்தான் நினைப்பார். “இந்த மாதம் உங்களுக்கு விடுதலை” என்று ஜெபத்தில் அறிவிப்பதுதான் இந்த ஊழியத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு. அடுத்த தவணையில் நீதவான் விளக்கமறியலை நீடித்தால், அந்த மனிதர் உங்களை மட்டுமல்ல, கடவுளையும் சேர்த்து விட்டுவிடுவார். நீங்கள் சோர்ந்து நின்றதற்கும் இப்படியொரு பிரசங்கம் காரணமாக இருந்திருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

9. கேட்பார்கள். பதிலை முன்பே தீர்மானியுங்கள்

உள்ளே கேட்கப்படும் எல்லாம் நியாயமாகவே இருக்கும், அதுதான் கடினம். பதிலைக் குழுவாகத் தீர்மானித்து, எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் செய்தால் குழு உடையும்.

பிணைக்குக் கையெழுத்து: இல்லை. “தம்பி, பிணைக்கு நாங்கள் நிக்கிறேல்ல, அது சபையின்ர முடிவு. சட்டத்தரணி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு உங்கட வீட்டாக்கள் எப்பிடிப் போறது எண்டு சொல்லித் தாறம்.” ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையில் இருக்கிறது. வழக்கு இலக்கம், நீதிமன்றம், அடுத்த தவணை ஆகியவற்றை வீட்டார் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

காசு: தனி ஆள் யாரும் கொடுப்பதில்லை. குடும்பத்துக்கு அவசரம் என்றால் சபை பார்த்து, பொருளாக, வீட்டில் கொடுக்கும்.

தொலைபேசி இலக்கம்: சபையின் பொது இலக்கம் மட்டும். தனிப்பட்ட இலக்கம் கொடுத்தவருக்கு இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வரும். களைப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

செய்தி சொல்லச் சொன்னால், “நல்லாயிருக்கிறேன், வந்து பாருங்கோ” போன்றதை, அதிகாரி கேட்கும்படி வாங்கிச் சொல்லலாம். இடம், பெயர், சாமான், தொகை எது வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் இரகசியமாக வைக்கக் கூடாது. சாகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், விளையாட்டாகச் சொன்னதுபோல் தோன்றினாலும், வாசலைத் தாண்டுமுன் ஜெயிலரிடமோ நலன்புரி அலுவலரிடமோ சொல்லுங்கள். அவரிடமும் “நான் இதைச் சொல்லப்போகிறேன்” என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அடி, சித்திரவதை பற்றிய முறைப்பாடு வந்தால் அங்கேயே வாதாடாமல் பொறுப்பாளரிடம் கொண்டுவாருங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகம் இந்த நகரில் உண்டு. எதையும் முகநூலில் போடாதீர்கள், வாசலில் எடுத்த படத்தையும்கூட.

10. வெளியில் இருக்கும் பாதி வேலை

உள்ளே மாதம் ஒரு மணித்தியாலம். வெளியில் வேலை அதைவிடப் பெரிது. வெருகலில் இருந்தோ ஈச்சிலம்பற்றில் இருந்தோ ஒரு தாய் மகனைப் பார்க்க வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது. பட்டினத்தில் ஒரு வீட்டிலோ சபை மண்டபத்திலோ அவர் முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்து, உட்கார ஓர் இடம் இருந்தால் அதுவே பெரிய உதவி. சோர்வுக்குப் பிறகு உள்ளே போகப் பயமாக இருக்கிறவர்கள் இந்த வேலையிலிருந்து தொடங்கலாம். இதற்கு அனுமதியும் தேவையில்லை.

ரிமாண்ட் ஆட்களைப் பொதுவாக 14 நாளுக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அன்றே பிணை கிடைத்து மாலையில் வெளியே விடப்படலாம். கையில் காசு இருக்காது, மூதூர்ப் பக்கம் கடைசி பஸ்ஸும் போயிருக்கும். அந்த இரவுதான் பழைய கூட்டாளிகள் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் இரவு. யாரை அழைக்கலாம், எங்கே தங்கலாம், காலையில் யார் பஸ் ஏற்றிவிடுவார் என்று முன்னரே எழுதி வையுங்கள். ஆண் விடுதலையாளரைக் குழுவினர் தங்கள் வீட்டில் தங்க வைக்க வேண்டாம். சபை மண்டபம், இரண்டு ஆண்கள் துணை, ஒரு இரவு.

சபைக்கு வருகிறவரை முதல் ஞாயிறே சாட்சி சொல்ல நிறுத்தாதீர்கள். அவர் மறுபடி விழுந்தால் முழுச் சபையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆறு மாதமாவது ஒருவரோடு அமைதியாக வந்துபோகட்டும்.

11. அன்றைக்கே அரை மணித்தியாலம்

கூட்டம் முடிந்து ஆளாளுக்கு ஓடிவிடாதீர்கள். எங்காவது ஒன்றாக உட்கார்ந்து மூன்று விடயம் பேசுங்கள்: யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், அதை யார் எந்த நாளுக்குள் செய்வது, உங்களில் யாருக்கு இன்று பாரமாக இருக்கிறது. முதலிரண்டையும் மூன்றாம் படியில் தொடங்கிய கொப்பியிலேயே எழுதுங்கள். மூன்றாவதை எழுத வேண்டாம், கேட்டால் போதும். “எனக்கு ஒன்றுமில்லை” என்று மாதா மாதம் சொல்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பலனை எப்படி அளப்பது என்பதையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று எண்ணத் தொடங்கினால் ஒரு வருடத்தில் மறுபடி சோர்ந்துவிடுவீர்கள். ரிமாண்டில் இருப்பவர் அடுத்த மாதம் வெளியே போயிருப்பார் அல்லது வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருப்பார். சொன்ன நாளில் போனோமா, சொன்னதைச் செய்தோமா என்ற இரண்டையும் மட்டும் குறியுங்கள்.

12. மறுபடி விலக வேண்டி வந்தால்

வரும். பிள்ளைக்குச் சுகமில்லாமல் போகும், வேலை இடம் மாறும், மனம் ஓய்வு கேட்கும். விலகுவது தப்பில்லை, சொல்லாமல் விலகுவதுதான் மூன்றாம் படியில் கண்ட அந்தக் கொப்பியை நிரப்புகிறது. நித்திரை கெடுவது, உள்ளே இருப்பவர்கள்மேல் எரிச்சல் வருவது, போகாமலிருக்கக் காரணம் தேடுவது ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்து ஒரு மாதம் நீடித்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு கூட்டத்துக்கு முன்னரே அறிவியுங்கள். உங்களுக்குப் பதிலாக வருகிறவரின் பெயரையும் அடையாள அட்டைப் பிரதியையும் நலன்புரி அலுவலரிடம் கொடுங்கள், வாசல் பட்டியலில் பெயர் மாற அவகாசம் வேண்டும். கடைசிக் கூட்டத்துக்கு அவரையும் கூட்டிப்போய், உள்ளே இருப்பவர்களிடம் நேரில் அறிமுகப்படுத்துங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று தெரியாவிட்டால் நாள் சொல்லாதீர்கள். கொப்பியை அவர் கையில் கொடுத்து, முடியாமல் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அவரோடு சேர்ந்து வாசித்துவிட்டு விடைபெறுங்கள்.